பதினைந்தாம் தேதி இல்லாத கப்பல்

கப்பல் கம்பெனி அனுப்பியிருந்த பயணப் புத்தகத்தில் ஒரு தப்பு இருப்பதைக் கிருஷ்ணஸ்வாமி கண்டுபிடித்தது நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது காபிக்கு முன்னால். நூற்று நான்கு நாள் பயணம். மும்பையில் ஏறி, மேற்கே சூயஸ், ஐரோப்பா, அட்லாண்டிக், பனாமா, பசிபிக் என்று பூமியை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மும்பையிலேயே இறங்க வேண்டியது. நாளுக்கு ஒரு வரி. பிப்ரவரி பதினான்கு, சனி: கடலில். அடுத்த வரி பிப்ரவரி பதினாறு, திங்கள்: கடலில். நடுவில் ஞாயிற்றுக்கிழமையைக் காணோம்.

அவர் தேடியதே அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். 2004 பிப்ரவரி பதினைந்து, மாசி மாதத் தேய்பிறை தசமி, அவருடைய அப்பாவின் திதி. அன்றைக்குக் கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நிற்குமா, நடுக்கடலில் இருக்குமா என்று பார்த்துக்கொண்டால் அதற்குத் தகுந்தாற்போல் எள்ளும் தர்ப்பையும் எடுத்துப் போகலாம் என்பது அவர் எண்ணம். முப்பத்தேழு வருஷமாக ஒரு வருஷம் தவறியதில்லை.

"பாமா, இவாளுக்கு நாள் எண்ணத் தெரியலை," என்றார்.

"உங்களுக்குத்தான் தெரியுமே. எழுதிப் போடுங்கோ," என்றாள் மனைவி பாமா அடுக்களையிலிருந்து.

எழுதிப் போட்டார். புனே ராணுவ அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் சிப்பந்திகளின் சர்வீஸ் புத்தகங்களைச் சரிபார்த்தவர் அவர். ஓய்வைத் தள்ளிப்போடுவதற்காகப் பிறந்த தேதியில் மூன்றை எட்டாக்கியவர்கள் எத்தனையோ பேர் அவர் கையில் அகப்பட்டிருக்கிறார்கள். தேதி விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்றியதில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. அச்சுப்பிழை எதுவும் இல்லை என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பதினான்காம் தேதி இரவு கப்பல் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுகிறது. அதனால் பதினான்கு முடிந்ததும் பதினாறு தொடங்கிவிடும். பதினைந்தாம் தேதி கப்பலில் இராது. ஒரு முழு நாளை இழந்ததற்காகப் பயணிகள் ஒவ்வொருவருக்கும் கேப்டன் கையெழுத்திட்ட சான்றிதழ் வழங்கப்படும்.

கிருஷ்ணஸ்வாமி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு தரம்தான் திதி விட்டுப்போயிருக்கிறது. அவருடைய தாத்தா வியாபார விஷயமாகப் பர்மாவுக்குக் கப்பலேறிய வருஷம் அது. அவர் திரும்பி வந்தபோது கூடத்தில் கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருந்த வளையம் காலியாகத் தொங்கியது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசினதில்லை, தெரியாதவர்களும் இல்லை.

இப்போது நியூ ஜெர்சியில் மகன் மாதவின் மனைவி ப்ரியம்வதாவுக்கு ஏழாம் மாதம். கப்பல் டிக்கெட்டை அப்பாவின் எழுபதாம் வயதுக்காக மாதவ் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவள் உண்டாகியிருப்பது தெரிந்தது. அவளுடைய அம்மா துணைக்குப் போயாயிற்று. "டாக்டர் ஃபெப் எய்ட்டீன்த்னு சொல்றாங்கப்பா. கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம். நீங்க டூர் முடிச்சு வந்து பேபியைப் பாருங்க," என்று மாதவ் தன் திக்குகிற தமிழில் ஃபோனில் சொல்லியிருந்தான்.

பயணத்தை ரத்து செய்துவிடலாம். ஆனால் தமிழ்ச் சங்கத்தில் சால்வை போர்த்தி வழியனுப்பு விழா நடத்திவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த ராஸ்தா பேட்டில் காய் விற்கிறவள் வரைக்கும் விஷயம் தெரியும். என்ன காரணம் சொல்லுவது? காரணத்தைச் சொல்லப் போனால் அது தம்பி விச்சுவிடம் போய் நிற்கும்.

வருஷா வருஷம் திதி பண்ணிவைக்கிற வாத்தியார் பக்தவத்சலமும் அங்கேதான் கொண்டு நிறுத்தினார்.

"பிரயாணத்துல இருக்கறவா எள்ளும் ஜலமும் விடலாம், தப்பில்லை," என்றார் வாத்தியார். "ஆனா அதுக்கும் சங்கல்பம் உண்டே. எந்த எடம், எந்த நாள்னு சொல்லிட்டுத்தான் எள்ளைக் கையில எடுக்கணும். நாளே இல்லைன்னா என்னத்தைச் சொல்லுவேள்?"

"முந்தின நாள் பண்ணிட்டா?"

"நவமில போய் தசமி திதியா?" வாத்தியார் சிரிக்கவில்லை. "உங்க தம்பி இருக்காரே. சிஞ்ச்வட்ல அன்னிக்குச் சூரியன் பாட்டுக்கு உதிக்கப் போறது. அவர் பண்ணட்டும். நானே போய்ப் பண்ணிவெக்கறேன். ஆனா மூத்தவா நீங்க வாயைத் திறந்து சொல்லணும். நீங்கதானே அன்னிக்கு வேண்டாம்னது."

செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, தலையை நிமிர்த்தாமலே இன்னொன்றும் சொன்னார். "விட்டுடாதேங்கோ."

விச்சுவுக்கும் அவருக்கும் பதினேழு வயது வித்தியாசம். அப்பா போனபோது விச்சுவுக்குப் பதினாறு. படிக்கவைத்து, சிஞ்ச்வட்டில் மோட்டார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டது எல்லாம் கிருஷ்ணஸ்வாமிதான். 1981இல் அந்தப் பையன் தன்னோடு வேலை பார்த்த சுஷ்மா என்ற மராட்டிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றான். அந்த வருஷத் திதிக்கு அவளும் வந்தாள். அடுக்களையில் கை கொடுக்கலாம் என்று போனாள். நாற்பது உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் கிருஷ்ணஸ்வாமி சொன்னார்: "இவ கை பட்ட சாதம் எங்கப்பாவுக்கு இறங்காது. விச்சு, இனிமே நீ திதி பண்ண வேண்டாம். நான் ஒருத்தன் போதும்."

அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. குடும்பத்தின் பெயரைக் கட்டிக் காக்கிறவன் ஒருவனாவது வேண்டும் அல்லவா. மதுரையிலும் மும்பையிலும் இருக்கிற உறவினர்கள் இன்றும் அந்த வார்த்தையை எடுத்துச் சொல்லி, கிருஷ்ணஸ்வாமி என்றால் கிருஷ்ணஸ்வாமிதான் என்பார்கள். அந்தப் பேச்சின் மேல்தான் அவர் இருபத்திரண்டு வருஷமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை லோகல் ரயில் பிடித்துச் சிஞ்ச்வட்டில் இறங்கினார். விச்சு குடியிருந்த அடுக்குமாடிச் சொசைட்டியின் வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதச் சொன்னான். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதி, அடித்துவிட்டு, ஃப்ளாட் நம்பரைப் போட்டார்.

கதவைத் திறந்தது விச்சு. தலை முழுவதும் நரைத்துவிட்டது.

"வாங்கோ அண்ணா. உலகம் சுத்தப் போறேள்னு கேள்விப்பட்டேன். முதல் ஸ்டாப் எங்காத்துலயா?"

"கிண்டல் மட்டும் போகலை உனக்கு."

"அது ஒண்ணுதான் அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது."

மராட்டியில் சஹா என்கிற டீயைச் சுஷ்மா கொண்டுவந்து வைத்தாள். "உக்காருங்கோ அண்ணா. சக்கரை கம்மிதான் போட்டிருக்கேன். பாமா மன்னி சொல்லியிருக்கா," என்றாள். மாதவைவிட நல்ல தமிழ். பாமாவும் இவளும் ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள் என்பது கிருஷ்ணஸ்வாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. கோப்பையைத் தொடாமல் டீப்பாயிலேயே விட்டார்.

"பிப்ரவரி பதினஞ்சு அப்பா திதி," என்றார்.

"தெரியும். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ஒருவேளைதான் சாப்பிடறது. எல்லா வருஷமும்."

கிருஷ்ணஸ்வாமி தேதிக் கோட்டைப் பற்றிச் சொன்னார். பூமி உருண்டை, சூரியன், கடிகாரம் என்று அலுவலகக் குறிப்பு எழுதுகிறவர்போல் ஒவ்வொன்றாக விளக்கினார். பாதியிலேயே விச்சுவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ இந்த வருஷம் நான் பண்ணட்டுமா அண்ணா?"

இதைக் கேட்கத்தான் அவர் வந்தது. கேட்காமலே கிடைத்துவிட்டது. மார்பில் இருந்த பாரம் ஒரு நிமிஷம் இறங்கினாற்போல் இருந்தது. 'பண்ணு' என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றான் விச்சு. குரலைத் தாழ்த்தவில்லை. "அன்னிக்கு விடியக்காலம் ஸ்நானம் பண்ணிட்டு அடுப்புக்கு முன்னால நிக்கப் போறது அவ. அவகிட்டயும் நீங்க சொல்லிடுங்கோ. 'நீ சமைச்சுப் போடு சுஷ்மா'ன்னு. வேற ஒண்ணும் வேண்டாம். மன்னிப்பு கின்னிப்பெல்லாம் யாரும் கேக்கலை."

சுஷ்மா அடுக்களை வாசலில் நின்றாள். புடவைத் தலைப்பில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கிருஷ்ணஸ்வாமி அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது முகங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதில் பாதிப் பேர் இப்போது உயிருடன் இல்லை. இருந்தாலும் அவர்கள் எல்லாரும் திரும்பித் தம்மைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. தாத்தா வீட்டுக் கூடத்து வளையமும் நினைவுக்கு வந்தது. கோப்பையில் ஆடை கட்டிவிட்டது.

"அதுக்கெல்லாம் அவசியமில்லை," என்றார். தம் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "கப்பல்ல எல்லா வசதியும் இருக்கு. நானே பண்ணிக்கறேன். நீ சிரமப்படாதேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

விச்சு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதைச் சொல்லவா லோகல்ல இடிபட்டுண்டு வந்தேள்?"

"ஆமாம்."

"நாளே இல்லைன்னேளே இப்பத்தான்."

"அதுக்கு வாத்தியார் வழி சொல்லியிருக்கார்."

"சரி," என்றான் விச்சு. "மூத்தவா நீங்க. நீங்க வேண்டாம்னா நான் பண்ண மாட்டேன். அன்னிக்கும் மீறலை, இன்னிக்கும் மீற மாட்டேன்."

"சஹா ஆறிப்போச்சு. வேற கொண்டு வரட்டுமா அண்ணா?" என்றாள் சுஷ்மா.

"வேண்டாம்மா," என்றார் கிருஷ்ணஸ்வாமி. 'அம்மா' என்று தம் வாயில் வந்துவிட்டதைக் கவனித்து, அவசரமாக எழுந்தார்.

ராஸ்தா பேட்டுக்குத் திரும்பியபோது பாமா பெட்டியில் ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விச்சு என்ன சொன்னான்?"

"பண்றேன்னான்."

"சுஷ்மாகிட்ட சொன்னேளா?"

"சொன்னேன்."

பாமா ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். "எங்க நீங்க சொல்லாம வந்துடுவேளோன்னு நாள் பூரா எனக்கு அதே நினைப்பா இருந்தது. இனிமே நிம்மதியாக் கப்பலேறலாம்." அவள் கண் கலங்கியிருந்தது. பிறர் எழுதிய பொய்யை எல்லாம் ஒரு பார்வையில் பிடித்தவர், தாம் சொன்ன பொய்யை அவள் நம்பிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பின் ஒரு வாரம் இருந்தது. ஏழு நாளும் ஃபோன் கூடத்தில்தான் இருந்தது. விச்சுவின் நம்பர் அவருக்கு மனப்பாடம். காலையில் சொல்லிவிடலாம் என்று படுப்பார். காலையில், சாயங்காலம் ஆகட்டும் என்பார். சங்கத்துக்காரர்கள் வந்து போனார்கள். எதிர்வீட்டு மராட்டிக்காரர் பேடா கொண்டுவந்து கொடுத்து, உங்களைப் போல யோகம் யாருக்கு என்றார்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி காலை மும்பை போக டாக்சி வந்தது. பெட்டிகள் இறங்கிவிட்டன. ஜன்னல்களைச் சாத்தியதும் கூடம் பகலிலேயே இருட்டியது. சமையல் வாயுவை மூடியாயிற்றா என்று பார்த்துவிட்டுத் திரும்பிய கிருஷ்ணஸ்வாமியின் கண் சுவரில் பட்டது. புது வருஷத்து நாள்காட்டி இப்போதே ஆணியில் தொங்கியது. ஜனவரி முதல் தேதி மாட்ட ஆள் இருக்காது என்று பாமா முன்கூட்டியே மாட்டியிருந்தாள்.

அது கோணலாக இருந்தது. நேராக்கப் போனவர், பழக்க தோஷத்தில் கட்டை விரலால் தாள்களைத் தள்ளிப் பிப்ரவரிக்குப் போனார். பதினான்கு, சனி. அடுத்த தாள், பதினாறு, திங்கள். நடுவில் ஒரு கிழிசல் விளிம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சுஷ்மாவோட பேசினேன்," என்றாள். "வாழைக்காய், பாகக்காய், சேப்பங்கிழங்கு, என்ன காய் சேக்கணும்னு சொல்லலாமேன்னு. அவ பாவம், உங்களை விட்டுக்குடுக்கலை. 'அண்ணா கப்பல்லயே பண்றாராமே மன்னி, ரொம்ப நல்லது'ன்னா."

கிருஷ்ணஸ்வாமி அந்தக் கிழிசல் விளிம்பைக் கட்டை விரலால் தடவினார்.

"நாம போற எடத்துல அந்த நாள் இல்லை. விச்சு ஆத்துல நீங்க வேண்டாம்னுட்டேள். இங்க மட்டும் எதுக்குத் தொங்கணும்னு எடுத்துட்டேன்."

"எங்க அது?"

அவள் கைப்பையின் ஜிப்பை ஒரு தரம் இழுத்து மூடினாள். கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இன்னும் ஒரு ஃபோன் போட நேரம் இருக்கு," என்றாள் பாமா. "நான் கீழ போறேன். நிதானமாப் பேசிட்டு வாங்கோ."

அவள் படியிறங்குகிற சத்தம் இரண்டு மாடிக்கும் கேட்டது. ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிருஷ்ணஸ்வாமி ரிசீவரின் மேல் கையை வைத்தார். அது குளிர்ந்து கிடந்தது. ஃபோனை எடுத்தால் முதலில் பேசப்போவது விச்சுவாக இருக்காது. ஞாயிறு தவிர மற்ற நாளில் பகலில் வீட்டில் இருப்பவள் சுஷ்மா. அன்று திங்கட்கிழமை.

மறுபடி ஹாரன் கேட்டது. அவர் கையை எடுத்தார். கோணலாக இருந்த நாள்காட்டியை நேராக்கினார். கதவைப் பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

டாக்சியில் பாமா அவர் முகத்தைப் பார்த்தாள். வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அவள் ஏதோ விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு கணுவாக. தேதிகளை எண்ணுகிறாளா, ப்ரியம்வதாவின் மாதங்களை எண்ணுகிறாளா என்று அவர் கேட்கவில்லை. பதினான்காவது கணு வந்ததும் அவள் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.