முதலாளியின் லேபிள்

விடிவதற்குள் என் அடுப்படியில் தையல் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. வாடகைக்கு எடுத்த பழைய மிதி மெஷின். வார் வழுக்கினால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். கட்டில் பலகைமேல் துணியை விரித்துப் பெரியக்கா குழந்தைகளுக்கான கவுன் வெட்டினாள். அறுபதைத் தாண்டியவள். வலது கையில் இரண்டு விரல் இல்லாததால் இடது கையில் கத்தரி பிடிக்கப் பழகியிருந்தாள். நான் பொத்தான் கட்டினேன். சிட்டு தன் கைக்குழந்தையைத் துணிக் குவியலில் படுக்க வைத்துவிட்டுக் கழுத்து மூட்டினாள்.

மூவரையும் துரத்தியது ஒரே பட்டறைதான். வேகம் போதவில்லை என்று வெட்டு மெஷினின் மூடியைக் கழற்றி எறிந்தான் முதலாளி. பெரியக்காவின் விரல்கள் போயின. "கவனமில்லாம வேலை செஞ்சா அப்படித்தான்" என்றான். நான் வாயைத் திறந்தேன், வாசலைக் காட்டினான். பால் கொடுக்க நேரம் கேட்ட சிட்டுவுக்கும் அதே வாசல். பிழைக்கத்தான் தொழில் தொடங்கினோம் என்று பொய் சொல்ல மாட்டேன். அவன் சரக்குப் போடும் கடையிலேயே எங்கள் கவுன் தொங்க வேண்டும், அதைப் பார்த்து அவன் வயிறெரிய வேண்டும். எனக்கு அதுதான் ஆசை.

பாதிச் சரக்கை முந்தின நாளே கடையில் கொடுத்திருந்தோம். மீதியும் பிடித்துப்போனால் தொடர்ந்து வேலை உண்டு. இல்லாவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான் முதலாளி. கையில் நாங்கள் தைத்த கவுன்.

"என் சரக்கைத் திருடியா விக்கிறீங்க? கடைக்காரர் என்கிட்ட காட்டிட்டாரு."

கழுத்தைப் புரட்டிக் காட்டினான். உள்ளே அவன் பட்டறையின் லேபிள்!

சிட்டு தன் ஊசி டப்பாவைத் திறந்து பார்த்தாள். பட்டறையில் லேபிள் தைத்தவள் அவள்தான். எப்போதோ வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய வேலையில் மிஞ்சிய லேபிள் சுருள் அதில் கிடந்திருக்கிறது. கழுத்து வந்ததும் கை தானாக அங்கே போயிருக்கிறது. எங்களுக்கும் அது உறைக்கவில்லை. அந்த இடத்தில் அவன் பெயரைப் பார்த்தே பழகிய கண்கள்.

"இனிமே தைக்க மாட்டோம்னு கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா போலீஸ். வேணும்னா அரைக் கூலிக்கு வந்து சேருங்க, நான் என்ன கல் நெஞ்சக்காரனா?"

"துணி நாங்க வாங்கினது. வெட்டு என் வெட்டு" என்றாள் பெரியக்கா. "இதுல உன்னோடது இந்தத் துண்டு ஒண்ணுதான். பிரிச்சுத் தர்றோம், எடுத்துக்கிட்டுப் போ."

அவனை அவள் முகத்துக்கு நேரே 'நீ' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நெஞ்சு குளிர்ந்தது.

சத்தம் கேட்டு, பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வாசலில் நின்றார்கள். முதலாளி திரும்பிக் கத்தினான்: "இங்க என்ன வேடிக்கை? வேலைக்குப் போங்க!"

பொத்தான் துளை போடும் நெட்டச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "ஊசி குடுக்கா" என்றாள் என்னிடம். அவள் பின்னால் இன்னொருத்தி. அடுப்படி நிறைந்து, மற்றவர்கள் படியிலும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கவுனை எடுத்து லேபிள் தையலைப் பிரித்தார்கள். அவன் கையில் இருந்ததையும் சிட்டு பிடுங்கிக்கொண்டாள்.

பட்டறைச் சங்கு ஊதியது. ஒருத்தியும் எழவில்லை.

"சங்கு ஊதிடுச்சு" என்றான். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"காது கேக்குது" என்றாள் நெட்டச்சி. "வெட்டு மெஷினுக்கு மூடி போடுங்க. அக்கா விரலுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் வர்றோம்."

"எல்லாரையும் நிறுத்திடுவேன்!"

"நிறுத்திட்டு நீங்களே உக்காந்து தைங்க."

படியில் யாரோ சிரித்தார்கள். அவன் போலீசைக் கூட்டி வரலாம். கடைக்காரர் மீதிச் சரக்கை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எதுவும் முடிந்துவிடவில்லை. ஆனாலும் அவன் முகம் கறுத்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

பிரித்த லேபிள்களையெல்லாம் அள்ளி, விரல் போன அந்தக் கையாலேயே அவனிடம் நீட்டினாள் பெரியக்கா.

"கீழ சிந்தாம கவனமா பிடி" என்றாள்.