பதினேழாவது கேள்வி

பம்பு செய்யும் அந்த நிறுவனத்தின் மேலாளர், ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று அறிய நாற்பது கேள்விகள் எழுதியிருந்தார். நான்கு நாள் விடுப்புப் போட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. அச்சுக்குப் போகுமுன் வெளியாள் ஒருவரைக் கொண்டு கேள்விகளைச் சோதிக்க வேண்டும் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. அப்படி வந்து சேர்ந்தவள்தான் அவள்.

பதில் என்ன என்பது அவளுக்கு முக்கியமில்லை. பத்துப் பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, கேள்வியைப் படிக்கச் சொல்லி, "இதப் படிச்சதும் என்ன தோணுச்சு? எத நெனச்சு இந்தப் பதிலப் போட்டீங்க?" என்று துருவுவதுதான் அவள் வேலை. எந்தச் சொல்லில் ஆள் தடுக்கி விழுகிறாரோ, அதைக் குறித்துக்கொள்வாள். பெயர் வெளியே போகாது, எண் மட்டும்தான் இருக்கும் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுவாள். தொட்டதற்கெல்லாம் "அப்படின்னா?" என்று கேட்டதால், இரண்டாம் நாளே 'அப்படின்னாக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். பதினாறாம் கேள்வி வரை பெரிய சேதமில்லை. 'பணிச்சூழலின் இணக்கத்தன்மை' என்பதை மூன்று பேர் ஏசி என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பதினேழாவது கேள்வி: 'தங்கள் மேலதிகாரி தங்கள் கருத்துகளுக்குச் செவிசாய்க்கிறாரா?' பத்துப் பேருமே 'எப்போதும்' என்று போட்டார்கள்.

"எத நெனச்சு எப்போதும்னு போட்டீங்க?" என்று ஸ்டோர்க்காரரிடம் கேட்டாள்.

"நாங்க டீ குடிக்கிற எடத்துக்குப் பின்னால ஒரு ஜன்னல் இருக்கும்மா. அதுல சாஞ்சு நின்னு சார் கேப்பாரு. ஒரு வார்த்தையக்கூட விடமாட்டாரு."

பெயின்ட் அடிப்பவர் கேள்வியைப் படிக்கவே இல்லை. "இந்தத் தாள் கடைசில யாரு மேசைக்குப் போகும்? அத நெனச்சுத்தான் போட்டேன்" என்றார். டெலிபோன் ஆபரேட்டர் பெண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து பெயரவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது கணவன், "சாப்பாடு நல்லாருக்கு" என்றான்.

"எத நெனச்சு அப்படிச் சொன்னீங்க?"

"நாளைக்கும் கெடைக்கணுமேன்னு நெனச்சுத்தான்."

அவள் சிரித்தாள். பிறகு கை கழுவிக்கொண்டு போய் அறிக்கையில் எழுதினாள்: 'பதினேழாவது கேள்வியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். புரிந்தவர்களும், பதிலை யார் படிப்பார் என்று பார்த்தே பதில் சொல்கிறார்கள்.' அதற்குக் கீழே, ஒவ்வொருவரும் சொன்னதை எண் மட்டும் போட்டுச் சேர்த்தாள்.

அறிக்கையை மேலாளர் ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார். "ஜன்னல் விஷயத்தச் சொன்னது யாரு?"

"மூணாம் நம்பர், சார்."

"மூணாம் நம்பருக்கு ஒரு மூஞ்சி இருக்கும்ல?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், சார்."

"கேள்வில ஒரு குத்தமும் இல்லம்மா. ஆளுங்களுக்குத்தான் தமிழ் தெரியல. எங்கிட்ட கேளுங்க, எவ்வளவு தெளிவா இருக்குன்னு நானே காட்டறேன்."

அவள் தயங்காமல் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மேலதிகாரி என்ற இடத்தில் தன்னையே வைத்துக்கொண்டு, அவர் 'எப்போதும்' என்று போட்டார்.

"கடைசியா யாரு சொன்னதக் கேட்டீங்க, சார்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "போன வாரம் வாட்ச்மேன் வந்தான். லிஃப்ட் கதவு கைய நசுக்குதுன்னான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எழுதிக் குடுக்கச் சொன்னேன்."

"குடுத்தாரா?"

"குடுத்தான். கோழி கிறுக்கின மாதிரி இருந்துச்சு. வேற எழுதிட்டு வான்னு திருப்பி அனுப்பினேன்."

"எழுத்து ஏன் அப்படி இருந்துச்சு, சார்?"

மேலாளர் பேனா மூடியைத் திருகினார். "கைல கட்டுப் போட்டிருந்தான்" என்றார்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். அவர் 'எப்போதும்' என்பதை அடித்துவிட்டு 'சில நேரங்களில்' என்று போட்டார். அதையே உற்றுப் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கேள்விய மாத்திடலாம்" என்றார்.

மாற்றினார். 'தங்கள் மேலதிகாரி தங்கள் கருத்துகளை அன்புடன் கேட்டு வருகிறார். இதில் தங்களுக்குள்ள மகிழ்ச்சி: அதிகம் / மிக அதிகம்.' இது கேள்வியே இல்லை என்று அவள் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். தங்கள் பணி இனிதே முடிந்தது என்று பதில் வந்தது.

நூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்றுப் பதினோரு பேர் 'மிக அதிகம்' என்றார்கள். தலைமையகம் மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அச்சான அறிக்கையின் முதல் பக்கத்தில், வல்லுநரால் சோதிக்கப்பட்ட கேள்விகள் என்று போட்டு, கீழே அவள் பெயரையும் போட்டிருந்தார்கள். அவள் உடனே பெயரை எடுக்கச் சொல்லப் போன் செய்தாள். ஆபரேட்டர் பெண்தான் எடுத்தாள்.

"சார் மீட்டிங்ல இருக்காருக்கா. வெறும் 'அதிகம்'னு போட்டது யாருன்னு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிக்கறாரு."

"தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல." குரலைத் தணித்துக்கொண்டாள். "நாந்தான் போட்டேன். மனசு கேக்கலக்கா. அதான் 'மிக'வ மட்டும் விட்டுட்டேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. வைக்கறேன்க்கா, இன்னொரு லைன் அடிக்குது" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.