உதைத்த பிறகு வந்த கை

என் திரைப்படப் படிப்பின் கடைசி வேலை ஒரு சண்டைக் காட்சி. அதில் கோட்டை விட்டால் வருடம் முழுக்கப் படித்தது வீண். ஆனால் அதைவிடப் பெரிய தலைவலி என் இரண்டு அண்ணன்மார்.

சின்னண்ணா கௌசிகன் கட்டப்போகிறவள் தனிஷா, பிஜித் தீவிலிருந்து வந்தவள். "பிஜிக்காரி இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது" என்று பெரியண்ணா யசீகரன் போன வருடம் சொன்னார். மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அடிபிடி. பெரியண்ணாவை உதைத்துவிட்டு வெளியே போன சின்னண்ணா திரும்பி வரவில்லை. பேச்சுவார்த்தையும் இல்லை. வருகிற சனிக்கிழமை கலியாணம். பெரியண்ணா இல்லாமல் அது நடப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

ஆகவே நடிக்க இருவரையும் கூப்பிட்டேன், ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லாமல்.

விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு கிடங்கின் பின்பக்கம், ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடந்தது. இருவரும் என்னை முறைத்தார்கள்.

"அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு," என்றார் சின்னண்ணா.

"எனக்கும் காது கேக்குமெண்டு சொல்லு," என்றார் பெரியண்ணா.

நடுவில் நான் தபால்காரி.

பெரியண்ணாவின் சட்டைக்குள் பஞ்சை அடைத்துத் தரையில் படுக்க வைத்தேன். சின்னண்ணா நெஞ்சில் உதைக்க வேண்டும். கமெரா என் வகுப்புத் தோழி டெபியிடம். அவளுக்குத் தமிழ் தெரியாது.

உதை அழகாக விழுந்தது. அடுத்த கணமே சின்னண்ணா குனிந்து, கால் பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கட்! என்ன சின்னண்ணா, வில்லன் கும்பிடுவானே?"

"நான் எங்க கும்பிட்டனான்?"

நிசமாகவே திகைத்துப்போய்க் கேட்டார். திரும்ப எடுத்தோம். திரும்பவும் தொட்டார். கையைப் பொக்கெற்றுக்குள் வைக்கச் சொன்னேன். உதைத்துத் தடுமாறியும், கையை வெளியே இழுத்துத் தொட்டார்!

இது உங்கள் ஊர்ச் சண்டைக்கலையின் மரியாதையா, நன்றாக இருக்கிறதே என்று டெபி ஆங்கிலத்தில் கேட்டாள். பழக்கமா, மன்னிப்பா? தொட்டவருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது?

மிச்சம் இருந்தது கடைசித் துண்டு ஃபிலிம். டெபி கமெராவை ஓடவிட்டாள். படுத்திருந்த பெரியண்ணா வாய் திறந்தார்.

"அண்டைக்கு உண்மையா உதைச்சனி. அப்ப இந்தக் கை எங்கயடா போனது?"

ஒரு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் வந்த முதல் பேச்சு. சமாதானமா, அடுத்த சண்டையா?

"அண்டைக்கு நீங்கள் அவளைச் சொன்னது…" என்று இழுத்தார் சின்னண்ணா.

"ஓம், சொன்னனான். பிழைதான். வேணுமெண்டால் இன்னொருக்கா உதை. கும்பிடாமல் உதை."

சின்னண்ணா காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்று, மெல்லத் தரைக்கு வந்தது. விக்கி விக்கி அழுதார்.

கட் சொல்வதா, நானும் அழுவதா என்று விளங்காமல் நின்றேன். ஃபிலிம் முடிந்து கமெரா நின்றது. இதெல்லாம் வசனம் என்று நினைத்திருந்த டெபி, உதை எங்கே என்றாள்.

பெரியண்ணா கையை நீட்டினார். சின்னண்ணா பிடித்துத் தூக்கிவிட்டார்.

"கலியாணத்துக்கு வேட்டியோ, கோட்டோ?"

"தனிஷாட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

"வேண்டாம்," என்றார் பெரியண்ணா, பஞ்சை உருவிக்கொண்டே. "இண்டைக்குப் பின்னேரம் அவளை வீட்டை கூட்டிக்கொண்டு வா. நானே கேக்கிறன்."