விழாவுக்குள் தோற்க வேண்டியவன்

1

இது என்னிடம் கதையாக வரவில்லை. வாழ்த்துமடலாக வந்தது.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் இருக்கும் பெர்னடெற் அக்கா போன் செய்தார். மன்னார்க்காரர். அவருடைய பங்குக் கோயிலில் அவரைக் கேட்காமல் ஒரு நாற்காலிகூட இடம் மாறாது.

"அண்ணை, நீங்கள் கிழமைக்கு ரெண்டு தொடர்கதை எழுதுற ஆள். ஒரு வாழ்த்துமடல் எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"யாருக்கும்மா?"

"என்ர தமையன்ர மகன் டினேஷுக்கு. ஜெர்மன்காரன். டென்னிஸ் விளையாடுறவன். விம்பிள்டனுக்கு வந்திருக்கிறான். வாற வியாழன் பின்னேரம் அஞ்சு மணிக்கு எங்கட மண்டபத்தில பாராட்டு விழா. பொன்னாடை, மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட மடல். எல்லாம் இருக்கு."

"விம்பிள்டனே அதுக்கு அடுத்த திங்கள்தானே ஆரம்பிக்குது? அதுக்குள்ள எதுக்குப் பாராட்டு?"

"சனி ஞாயிறெல்லாம் பெட்டையளின்ர சாமத்தியவீடும் பேர்த்டேயும். மண்டபம் வியாழன்தான் கிடைச்சது அண்ணை."

மண்டபம் கிடைத்த நாளில் வீரனாகிவிட வேண்டும். நம்மவர் விழாக்களில் இது எழுதப்படாத விதி.

2

இந்தக் கதையின் முதல் வரிக்காக நான் பட்ட பாட்டை நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

தொடக்கம் அ: "பச்சைப் புல்தரையில் சிறுத்தையாகப் பாய்ந்தான் டினேஷ். ஆயிரம் கண்கள் அவனையே —"

(ஆயிரம் கண்கள் இல்லை. அவன் ஆடியது ரோஹாம்ப்டனில் நடக்கும் தகுதிச் சுற்று. மூன்று ஆட்டம் வென்றவர்களைத்தான் விம்பிள்டனுக்குள் விடுவார்கள். முதல் ஆட்டத்தை ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் நிழலுக்காக உட்கார்ந்தவர்.)

தொடக்கம் ஆ: "உலகத் தரவரிசையில் இருநூற்று முப்பத்தெட்டாம் இடத்தில் இருந்த —"

இங்கே பேனா நின்றுவிட்டது. உலகின் இருநூற்று முப்பத்தெட்டாவது சிறந்த பல் வைத்தியர் பக்கத்து ஸ்ட்ரெதமில் கடை திறந்தால், நாம் ஆறு மாதம் காத்திருந்து பல்லைக் காட்டுவோம். அதே இடத்தில் ஒரு டென்னிஸ்காரன் இருந்தால், "அது சரி தம்பி, வேற என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்போம். டினேஷிடம் நானே கேட்டேன். நல்ல வேளையாக அவன் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவனுடைய பன்னிரண்டு வருட வாழ்க்கை இதுதான்: யாரும் சுற்றுலா போகாத ஊர்களில் போட்டி. தன் மட்டைக்குத் தானே நரம்பு கட்டுவது. மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை; அதில் ஒருவன் மறுநாள் எதிராளி. கோடையில் ஜெர்மன் கிளப்புகளுக்காக வார இறுதி ஆட்டம். வருடம் ஒருமுறை லண்டன், தகுதிச் சுற்று, மாமி வீட்டுச் சோறு, தோல்வி, ரயில்.

தொடர்கதைக்கு இதில் எந்த இடத்தில் "திடுக்கிட்டான்" போடுவது?

[ஓரக்குறிப்பு: சட்டம் போடுகிறவர் செவ்வாய்க்கிழமையே மடலைக் கேட்டார். முடிவு தெரியாமல் எழுத வேண்டும். "விம்பிள்டன் வென்ற வேங்கையே" என்று தொடங்கி, வென்ற என்பதை அடித்துவிட்டுக் கண்ட என்று போட்டேன். கண்டது பொய்யில்லை. பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.]

3

புதன் மாலை மடலோடு மிச்சம் போனேன். கதவைத் திறந்த பெர்னடெற் அக்காவின் முகம் சரியில்லை.

"ரெண்டாவது மேட்சும் வென்றிட்டான் அண்ணை" என்றார், படியில் யாரோ விழுந்துவிட்டதைச் சொல்வதுபோல.

குசினியில், இடியப்ப மாவு குழைக்கும் பேசினுக்குள் ஐஸைக் கொட்டிக் காலை வைத்திருந்தான் டினேஷ். முப்பத்தொரு வயது. வேங்கை என்று சொல்ல முடியாத அமைதியான முகம்.

"எட்டு வருசம் வந்தவன்," என்று அக்கா என்னிடம் முறையிட்டார். "எட்டு வருசமும் புதன்கிழமைக்குள்ள தோத்துப்போட்டு இந்த மேசையில வந்து இருந்தவன். அதை நம்பித்தானே நான் வியாழன் எடுத்தனான்!"

"சொறி மாமி."

"நாளைக்கு எத்தினை மணிக்கு முடியும்?"

"சொல்ல ஏலாது மாமி. நாளைக்கு அஞ்சு செட் மேட்ச். எனக்கு முன்னால ரெண்டு மேட்ச் அந்த கோர்ட்டில இருக்கு. அதுகள் முடிஞ்சாத்தான் எங்களை விடுவினம்."

"அப்ப கெதியா வெல்லன்."

"கெதியா வெல்ல ஏலுமெண்டா நான் ஏன் மாமி இருநூற்று முப்பத்தெட்டு?" சிரித்தான். "கெதியாத் தோக்க ஏலும்."

அக்கா சிரிக்கவில்லை. "அப்பிடியெண்டா எத்தினை மணிக்கு வருவாய்?" என்றார்.

(இந்த இடத்தில் ஒரு நீண்ட மௌனத்தை விவரித்திருந்தேன். எடுத்துவிட்டேன். உண்மையில் அப்போது குக்கர் விசிலடித்தது.)

பஸ் நிறுத்தம் வரை நொண்டியபடியே கூட வந்தான். "ஆகஸ்டில ஜெர்மனியில, எஸ்ஸனில ஒரு கிளப்பில சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கப் போறன், அங்கிள். சைன் வைச்சிட்டன். இது கடைசித் தரம். நாளைக்கு வென்றா, அந்த விம்பிள்டன் கேற்றுக்குள்ள ஒருக்கா விளையாடுறவனாப் போவன். ஆனா பதிவு, பேட்டி எண்டு இரவு பத்தாகும்; விழாவுக்கு வர ஏலாது."

"தோத்தா?"

"தோத்தா உங்கட மடலை வாங்க வருவன்."

4

"சார், வில்லன் யாரு?" என்று சென்னையிலிருந்து கேட்டார், என் கதைகளைப் போடும் வார இதழின் ஆசிரியர் நிர்மலா.

வியாழக்கிழமை எதிராளி ஒரு செக் நாட்டுப் பையன். அவனைக் கொடியவனாக்க இரண்டு பத்தி எழுதிப் பார்த்தேன். ஆனால் டினேஷின் மட்டை நரம்பு அறுந்தபோது தன்னுடையதைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னவனே அவன்தான்.

"அப்ப விழாக்குழுதான் வில்லனா? வேணாம் சார். லண்டன்ல நமக்குச் சந்தாதாரர் அதிகம். சரி, கடைசில ஜெயிக்கிறானா?"

"தெரியலைம்மா."

"எழுதறது நீங்கதானே சார்?"

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

5

வியாழன். அழைப்பிதழில் ஐந்து மணி என்றால் சனம் ஆறரைக்கு வரும் என்பது விழாக்குழுத் தலைவர் கமலநாதனின் கணக்கு. கணக்கு பிசகவில்லை. ஆறரைக்கு மண்டபம் நிறைந்தது. சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் வந்தது. மேடையில் ஆளுயரத்துக்கு டினேஷின் படம். டினேஷ் மட்டும் ரோஹாம்ப்டனில், ஐந்தாவது செட்டில்.

"தோத்தானெண்டா டக்சியில உடன வந்திடலாம்," என்றார் கமலநாதன், ஆறுதலாக. "ஒன்பது மணிக்கு ஹோலைப் பூட்டவேணும்."

பிறகு மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த பெருமக்களே! வீரர் வரப் பிந்துவதால், அன்னாரின் திருவுருவப் படத்துக்கு மாலை அணிவித்து —"

"கமலநாதன் அண்ணை!"

பெர்னடெற் அக்கா மேடையில் ஏறியதை நான் பார்க்கவில்லை. ஏறியிருந்தார். "உயிரோட நிண்டு விளையாடுற பிள்ளைக்குப் படத்தில மாலையோ?"

"அன்னார் எண்டது ஒரு மரியாதைக்கு, தங்கச்சி..."

"மரியாதையோ? இன்னும் கொஞ்சம் விட்டா முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியும் வைப்பியள்!"

"அப்ப பொன்னாடையை எண்டாலும்..."

"படத்தில கை வைச்சுப் பாருங்கோ!"

மாலையைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, போனில் நேரலையைப் போட்டார். பின்னால் இருந்தவர்கள் எழுந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். விழா அந்த அளவில் தொடங்கியது.

நான் ஓரமாக உட்கார்ந்து முடிவுகளை எழுதினேன்.

முடிவு ஒன்று: தோற்கிறான். டக்சியில் வருகிறான். தலைமுடி காயவில்லை. கரகோஷம். "விம்பிள்டனையே வென்ற எங்கள் பிள்ளை" என்று மூன்று பேர் பேசுகிறார்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் மகிழ்ச்சி. (விழாக்குழு இதை ஏகமனதாக ஏற்கும்.)

முடிவு இரண்டு: வெல்கிறான். வரவில்லை. "பெரிய ஆள் ஆனவுடன எங்களை மதிக்கேல்லை" என்று அடுத்த பத்து வருடம் சொல்வதற்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. அடுத்த வாரம் அவன் ஏதோ ஓர் ஓரத்து மைதானத்தில் முதல் சுற்றிலேயே தோற்கலாம். ஆனால் அந்தக் கேற்றுக்குள் தோற்பான்.

முடிவு மூன்று: மழை வருகி—

(லண்டனில் மழையை எழுதுவது எழுத்தாளனுக்கு வெட்கம்.)

6

ஐந்தாவது செட் ஆறுக்கு ஆறு. பத்துப் புள்ளி டைபிரேக். அதில் ஒன்பதுக்கு எட்டு. டினேஷ் முன்னால். ஒரு புள்ளி போதும். சர்வீஸும் அவனுடையது.

கமலநாதன் குனிந்து, "அவனுக்கு ஒரு மெசேஜ் போட ஏலாதோ தங்கச்சி?" என்று கேட்டார். என்ன மெசேஜ் என்று சொல்லவில்லை.

பெர்னடெற் அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாலை மடியில் கசங்கிக்கொண்டிருந்தது. முகத்துக்குக் கிட்டவாகப் போனைப் பிடித்துக்கொண்டு, அதனுள் இருந்த சின்ன வெள்ளை உருவத்திடம் சொன்னார்:

"வராதை ராசா. இங்க ஒருத்தரும் இல்லை. வராதை."

அவருக்குப் பின்னால் இருநூறு பேர் நின்றார்கள்.

அவன் பந்தை மேலே எறிந்துவிட்டான்.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். என்ன நடந்தது என்று நிர்மலாவுக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ரோல்ஸ் ஆறிப்போகிறது என்பதற்காக மட்டும் அவனைத் தோற்கடித்துவிடாதீர்கள்.