இரண்டு இழுப்புக்கு நடுவே

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேக்கரி வாசலில் கிடைத்தது. முதுகில் வாத்தியப் பெட்டி மாட்டிய இரண்டு பேர், "நீங்க முன்னாடி போங்க", "அட, நீங்க போங்க" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் டீக்குத் தவித்துக்கொண்டிருந்தவன் நான். கோயமுத்தூர் மரியாதை சில நேரம் ஆளைக் கொன்றுவிடும். டீ குடித்ததும் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள், போனேன்.

2

'பரோக் இசை என்பது ஐரோப்பாவில்…' வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

நேராகச் சொல்கிறேன். இவர்கள் வாசிப்பது, முன்னூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் தந்தி வாத்தியங்களுக்காக எழுதியது. தனி நாயகர் யாரும் கிடையாது. ஒருவர் பிடித்த மெட்டை அடுத்தவர் வாங்கி இன்னொருவரிடம் கொடுக்க, ஸ்பின்னிங் மில் மாதிரி நிற்காமல் ஓடும். நடுப்பகுதியில் மட்டும் எல்லாரும் சேர்ந்து வில்லால் இரண்டே இழுப்பு. எழுதியிருப்பது அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் சொந்தமாக வாசித்து நிரப்பலாம்.

யார்?

"மௌனிகா, நீங்க வாசிங்க," என்றார் செல்லோக்காரர் காளிச்சாமி.

"ஐயோ, பெரியவங்க நீங்க இருக்கறப்பவா? நீங்களே வாசிச்சுப்போடுங்க," என்றாள் முதல் வயலின் மௌனிகா. "இல்லாட்டி யுஸ்ரா?"

"இல்லீங்க, நீங்களே…" என்றாள் யுஸ்ரா.

யுஸ்ரா உக்கடத்துப் பெண். வாசிப்பது வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் கனத்தது. தனியாக வாசிக்க அதற்கு வாய்ப்பு வருவதே அபூர்வம். அந்த இடைவெளிக்கென்றே அவள் ஒரு சின்ன மெட்டு கட்டி வைத்திருந்தாள். வீட்டில் அவள் அத்தா அப்துல் மஜீதுக்கே அது மனப்பாடம். வாசிக்கக் கொள்ளை ஆசை, கேட்கத்தான் வாய் வரவில்லை. அடுத்த கச்சேரிக்கு வேறு இசை. இதை விட்டால் விட்டதுதான்.

[இவளை இவ்வளவு கூச்சக்காரியாகப் படைத்தது தப்போ? 'நான் வாசிக்கிறேன்' என்று சொல்லவைத்துப் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது.]

3

கச்சேரி. முதல் பகுதி ஓடி முடிந்தது. நடுப்பகுதி. முதல் இழுப்பு. அப்புறம் அமைதி. மௌனிகா காளிச்சாமியைப் பார்த்தாள். காளிச்சாமி யுஸ்ராவைப் பார்த்தார். யுஸ்ரா மௌனிகாவைப் பார்த்தாள். மறுபடி அதே பேக்கரி வாசல், இந்தத் தடவை அரங்கமே பின்னால் காத்திருந்தது.

முடிவு ஒன்று: மூவரும் ஒன்றாக ஆரம்பித்து, ஒன்றாக "சாரிங்க" சொல்கிறார்கள். சிரிப்பு வரும். யுஸ்ராவுக்கு என்ன மிச்சம்?

முடிவு இரண்டு: முன்வரிசையிலிருந்து அத்தா, "வாசி கண்ணு" என்கிறார். அழகுதான். ஆனால் அப்போதும் யாரோ கொடுத்துத்தானே வாங்குகிறாள்? அடித்துவிட்டேன். அத்தா மன்னிக்க வேண்டும்.

முடிவு மூன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது காளிச்சாமி மெதுவாக, "மௌனிகா, நீங்களே…" என்று ஆரம்பித்தார்.

"நான் வாசிக்கறனுங்க," என்றாள் யுஸ்ரா.

சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

4

வில்லைத் தூக்கிவிட்டாள். 'அந்த ஒலி அரங்கத்தின்…' ம்ஹூம், கெடுத்துவிடுவேன். அந்த ஜெர்மன்காரரே காலியாக விட்ட இடம். நானும் விடுகிறேன்.

(                                        )

வாசகரே, நிரப்புங்கள். இரண்டாவது இழுப்பு அதற்கு அப்புறம்தான். 'இல்லீங்க, நீங்களே எழுதிப்போடுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அத்தா முன்வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யுஸ்ரா வில்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.