எங்களுக்கு மேலே ஆள் இல்லை

என் மகன் பிரின்ஸ் எங்கள் சபைக்குப் போதகர் ஆகாமல் போனதற்கு என் மனைவி சுந்தரம்மாள்தான் காரணம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. திண்டுக்கல்லில் எங்கள் சபையார் அத்தனை பேரும் கண்ணால் பார்த்த விஷயம். அவரவர் வாயில் கோணலாக வருவதற்கு முன்னால் நானே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பாப்டிஸ்ட் சபை. என் தகப்பனார் மரியசெல்வம் ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வேதத்தைத் தானே உட்கார்ந்து படித்து, குழந்தையின் தலையில் பிறர் ஊற்றுகிற தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது, விசுவாசித்தவன் தன் காலால் நடந்து வந்து முழுக்க மூழ்கி எழ வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அதற்காக உறவை இழந்தார், பங்குச் சொத்தையும் இழந்தார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "பேரு எங்கம்மா வெச்சது. அவளோட எனக்கென்ன சண்டை?" என்பார். பிற்பாடு தன் சம்பாத்தியத்தில் அவர் வாங்கிக் கொடுத்த மனையில்தான் எங்கள் ஆலயம் நிற்கிறது. பிரசங்க பீடத்துக்குக் கீழே பலகைகளை நீக்கினால் ஞானஸ்நானத் தொட்டி. சபைக் காரியங்களைக் கவனித்துக்கொண்ட முதல் டீக்கன் அவர். இப்போது மூத்த டீக்கன் நான்.

எங்களுக்குப் பிஷப் கிடையாது. மேலிடத்திலிருந்து போதகரை யாரும் மாற்றல் போட்டு அனுப்ப மாட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர்கள் கூடி, ஜெபித்து, ஓட்டுப் போட்டு அழைத்தால்தான் ஒருவர் எங்களுக்குப் போதகர். மூத்த டீக்கனுக்கும் ஒரு ஓட்டு, பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்கிற அய்யம்மாளுக்கும் ஒரு ஓட்டு. இதைப் பெருமையாகச் சொல்லி எத்தனையோ கல்யாண வீடுகளில், பிஷப் உள்ள சி.எஸ்.ஐ. சபைச் சம்பந்திகளோடு நான் வாதாடியிருக்கிறேன். சாம்பார் ஆறிப்போகிற அளவுக்கு வாதாடியிருக்கிறேன்.

பழைய போதகர் உடம்புக்கு முடியாமல் மகன் வீட்டோடு போய்விட்டார். பீடம் காலியாயிற்று. பிரின்ஸ் வேதாகமக் கல்லூரியில் பட்டம் வாங்கியவன். நல்ல குரல். ஒழுக்கத்தில் ஒருவர் ஒரு சொல் சொல்ல முடியாது. தாத்தா கொடுத்த மனையில் தாத்தா கட்டிய தொட்டியில் பேரன் நின்று ஞானஸ்நானம் கொடுப்பது எங்கள் குடும்பத்துக்கு வரவேண்டிய மரியாதை என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். புதுப் போதகரைத் தேடுகிற அழைப்புக் குழுவிடம் பேசி அவன் பெயரையே முன்வைத்தேன்.

எங்கள் சட்டப்படி போதகரை அழைக்க முக்கால் பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், எண்ணப்படும். போதகர் இல்லாத நாளில் மூத்த டீக்கனே கூட்டத்துக்குத் தலைவர். அதனால் அந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் மேசையருகே நான் நின்றேன். பெயர் முன்மொழியப்பட்டவர் ஓட்டெடுப்பின்போது உள்ளே இருக்கக்கூடாது என்பதால் பிரின்ஸ் வெளியே போய்விட்டான்.

"பிரின்ஸை அழைக்கச் சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றேன்.

ஆண்கள் பக்கம் ஏறக்குறைய எல்லோரும் எழுந்தார்கள். பெண்கள் பக்கமும் எழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது வரிசையில் சுந்தரம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முட்டுவலி உண்டு. பெஞ்சைப் பிடித்து எழுவதற்குள் எண்ணி முடித்துவிடப் போகிறார்களே என்று எனக்குப் பதற்றம்.

"உடையப்பன், செத்த நேரம் பொறுங்க" என்றேன். அவர் இரண்டாவது டீக்கன், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்; அவர்தான் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "சுந்தரம், கையப் புடிச்சு விடச் சொல்லட்டுமா? எந்திரி" என்றேன்.

"எந்திரிக்க முடியும்ங்க" என்றாள் அவள். "எந்திரிக்கல."

அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மின்விசிறிகளின் இரைச்சலுக்கு மேலாக அது கடைசி பெஞ்சு வரை கேட்டது. அவளுக்குப் பின்வரிசையில் பாதி எழுந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அய்யம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் அவள் மருமகள். அப்புறம் அந்த வரிசை முழுவதும். பெற்ற தாயே நிற்கவில்லையென்றால் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

உடையப்பன் இரண்டு முறை எண்ணினார். முக்கால் பங்கு வரவில்லை. அதை நானே என் வாயால் அறிவித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எப்போதும்போல இலை போட்டாள். சோறு வைத்தாள், வெஞ்சனம் வைத்தாள். நான் கையை நனைக்கவில்லை.

"அவன் ஒனக்கு என்ன கொற வெச்சான்?"

"ஒரு கொறையும் இல்ல. தங்கமான பிள்ள."

"பெறகு?"

"ஒங்ககிட்ட ஒரு தடவையாச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கானா? படிப்பு நீங்க சொன்னது, வேல நீங்க சொன்னது, சட்டை கலரு மொதக்கொண்டு நீங்க சொன்னது. அவன் பீடத்துல ஏறுனா டீக்கனும் நீங்கதான், போதகரும் நீங்கதான். அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேரு கூடி ஓட்டுப் போடணும்? பிஷப்புன்னு ஒங்களுக்கே ஒரு தொப்பி வாங்கி வெச்சிரலாம்ல?"

"என்னைய சபையில அவமானப்படுத்திட்ட."

"சபையிலதானே கேட்டீங்க? வீட்டுல கேட்டிருந்தா வீட்டுலயே சொல்லியிருப்பேன்."

அவளிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பது உண்மை. எங்கள் வீட்டு ஓட்டு ஒரே ஓட்டு என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். அதைச் சொன்னேன். அவ்வளவுதான், அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

சுந்தரம்மாள் வடமதுரைப் பக்கம் நிலம் உழுகிற சம்சாரி வீட்டுப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, சொந்தத் தீர்மானத்தில் விசுவாசத்துக்கு வந்தவள். அவளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர் என் தகப்பனார்.

"எங்கப்பா வாசல்ல அருவாளோட நின்னாரு" என்றாள். "தொட்டியில எறங்குனா வீட்டுப்படி ஏறாதன்னாரு. அன்னிக்கு ஒங்கப்பா என்ன சொன்னாரு? மனச்சாட்சிக்கு ஆண்டவரத் தவிர வேற எசமான் இல்ல தாயீன்னாரு. எம்பேரைச் சொல்லித்தான் முக்குனாரு. மரியசெல்வம் மருமகள்னு சொல்லி முக்கல, எஸ்றா பொண்டாட்டின்னு சொல்லி முக்கல. சாப்பிடுங்க, ஆறுது."

எஸ்றா நான்தான். சாப்பிடவில்லை.

மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினேன். இந்த வட்டாரத்துப் பாப்டிஸ்ட் சபைகளின் ஐக்கியத்துக்கு அங்கே ஒரு அலுவலகம் உண்டு. செயலாளர் என்னைவிட இளையவர். காபி வரவழைத்தார். ஓட்டெடுப்பில் குழப்பம் நடந்துவிட்டது, குடும்பப் பிரச்சினை உள்ளே புகுந்துவிட்டது, நீங்கள் வந்து மறுபடி நடத்த உத்தரவு தர வேண்டும் என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. "அய்யா, உத்தரவு போட நாங்க யாரு? ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளுது. நாங்க ஆலோசனை சொல்லலாம், ஜெபிக்கலாம். அம்புட்டுத்தான். இதே நாற்காலியில உக்காந்து, 'எங்க சபைக் காரியத்துல ஐக்கியம் மூக்கை நுழைக்கக் கூடாது'ன்னு நீங்கதானே மேசையத் தட்டிச் சொல்லிட்டுப் போனீங்க? அதை இன்னைக்கும் புதுசா வர்றவங்களுக்கு உதாரணமாச் சொல்லிட்டு இருக்கேன்."

"இப்ப என்ன ஆலோசனை சொல்றீங்க?"

"அம்மாகிட்ட பேசிப் பாருங்க."

திரும்பி வந்து கடையைத் திறந்தேன். பேகம்பூர் போகிற பாதையில் எனக்குப் பெயின்ட் கடை. பக்கத்தில் தோல் வியாபாரம் செய்கிற நூர் முகமது, என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். விஷயம் அவருக்கு எப்படியோ முன்னாடியே வந்துவிட்டது.

"என்னாண்ணே, மேல அப்பீல் பண்ண முடியாதா?"

"மேல ஆளே கெடையாது பாய்."

"அப்ப அண்ணிதான் சுப்ரீம் கோர்ட்டு."

"வெளையாடாதீங்க. வீட்டு மானம் போச்சு."

"எங்க வீட்டுல இந்தத் தொல்லையே இல்லண்ணே. ஓட்டெல்லாம் கெடையாது. அவ சொன்னா முடிஞ்சுச்சு" என்று சொல்லி அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் உடையப்பனும் இன்னும் சிலரும் கடைக்கு வந்தார்கள். கடைக்கு மேல்மாடி காலியாகத்தானே இருக்கிறது, நாற்காலி போட்டால் சபை, பிரின்ஸ் போதகர், எங்கள் குடும்பங்கள் உங்கள் பின்னால் வரும் என்றார்கள். எங்கள் முறையில் அதற்குத் தடை இல்லை. யாரும் அனுமதி தர வேண்டியதும் இல்லை. இந்த ஊரிலேயே அப்படிப் பிரிந்த சபைகள் உண்டு. இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தேன். மாடியைக் கூட்டிப் பெருக்கவும் சொன்னேன்.

சுந்தரம்மாளிடம் சொன்னபோது, "போயிட்டு வாங்க. நான் என் பெஞ்சுலதான் இருப்பேன்" என்றாள். ஒரே ஊரில் கணவன் ஒரு சபைக்கு டீக்கன், மனைவி வேறொரு சபையில். அதையும் சகித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பிரின்ஸைக் கூப்பிட்டேன்.

அவன் மாடிப்படி வரை வந்து நின்றுகொண்டான். மேலே ஏறவில்லை.

"வேணாம்ப்பா."

"என்ன வேணாம்?"

"இது வேணாம். எனக்காக ஒரு சபைய ஒடைச்சு அதுல நான் பிரசங்கம் பண்ண மாட்டேன். மறுபடி என் பேரையும் வைக்காதீங்க. முடியாதுப்பா."

முப்பத்து நான்கு வயதில் அவன் என்னிடம் சொன்ன முதல் முடியாது அது. வார்த்தை நடுங்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் என்னை எதிர்த்து ஏதாவது ஒரு சின்ன விஷயத்துக்கு, ஒரு சட்டை நிறத்துக்காவது, இதை அவன் சொல்லித் தொலைத்திருந்தால் அவன் தாய் எழுந்து நின்றிருப்பாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் பெருக்குமாற்றைப் படியில் எறிந்தேன். அவன் அதைக் குனிந்து எடுத்து, சுவரோரம் சாத்திவிட்டுப் போனான்.

அழைப்புக் குழு அடுத்த பெயரைக் கொண்டுவந்தது. தங்கமுத்து. நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்புக்காரர் மகன். குடும்பத்தில் முதல் விசுவாசி. இரண்டு ஞாயிறு வந்து பிரசங்கித்தார். குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்து கேட்டேன். குரல் பிரின்ஸின் குரல் அளவுக்கு இல்லை. அது ஒன்றுதான் கிடைத்தது.

ஓட்டெடுப்பு நாளில் மறுபடி மேசையருகே நான். அவர் வெளியே நின்றார்.

"தங்கமுத்துவை அழைக்கச் சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

எல்லோரும் எழுந்தார்கள். பிரின்ஸ் எழுந்தான். சுந்தரம்மாள் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உடையப்பனும் எண்ணிக்கொண்டே தன்னையும் சேர்த்துக்கொண்டார். உட்காரச் சொன்னேன். பிறகு சட்டப்படி, "எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. அந்த மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

அய்யம்மாள் கையைத் தூக்கினாள். "அய்யா, ஒரு சந்தேகம். நீங்க தலைவரா நிக்கிறீங்களா, எதுத்து நிக்கிறீங்களா?"

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். உடையப்பன் விரலை மடக்கத் தயாராக என்னைப் பார்த்தார்.

எதிர்க்க எனக்கு உரிமை உண்டு. ஒரே ஆளாக நின்றாலும் அந்த எதிர்ப்பு எழுதப்படும். எங்கள் சபையில் அதற்காக ஒருவனை யாரும் ஒதுக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டவர் சந்நிதியில் நின்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். தேடினேன். இந்த மனிதன் என் மகன் இல்லை என்பதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் இல்லை. இத்தனை கோபம் இருந்தும் ஒரு நேர்மையான காரணம் கிடைக்காமல் போனதுதான் எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். சத்தமாகவே இழுத்தேன்.

"அப்ப ஏகமனசுங்களா?" என்றாள் அய்யம்மாள். "எந்திரிச்சுச் சொல்லிருங்கய்யா, அவரு வெயில்ல நிக்கிறாரு."

எழுந்து சொன்னேன். சபை ஏகமனதாக அழைக்கிறது என்ற மூன்றே வார்த்தை. சுந்தரம்மாள் பக்கம் நான் பார்க்கவில்லை.

தங்கமுத்துவை உள்ளே கூட்டி வந்தார்கள். வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்கய்யா, எதுத்தவங்க யாருங்க?"

"எதுக்குக் கேக்கிறீங்க?"

"மொதல்ல அவிய ஊட்டுக்குப் போலாம்னுதானுங்க."

"யாரும் எதுக்கல" என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "செரிங்கய்யா" என்றார்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வாசலில் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சபையில் வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தார். சுந்தரம்மாள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள். எங்கள் இருவரையும் எதிரெதிரே விட்டுவிட்டு, வேண்டுமென்றே வெகுநேரம் வெளியே வரவில்லை.