நூலில் காய்த்த கத்திரிக்காய்

தையல்காரர் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்றால் அவரிடம் துணி கொடுத்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். "நாளைக்குத் தந்துடறேன்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் அது தொழிலோடு வந்த பொய். கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள். மனைவியிடம் அவர் பொய் சொல்ல ஆரம்பித்தது அவள் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான். அதுவும் கத்திரிச் செடியைப் பற்றி.

வயிற்றில் ஆபரேஷன். நல்லபடியாகத்தான் முடிந்தது. புண் ஆறிவிட்டது, தையலும் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் அவள் எழுந்து உட்காரவில்லை. கஞ்சியை இரண்டு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டாக்டரம்மா அவரைத் தனியாக அழைத்து, உடம்பில் இனி ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் எழுந்திருக்க மனசில்லை, இப்படியே படுத்துக் கிடந்தால் தேற்றுவது கஷ்டம் என்று சொன்னார்.

அந்த நாட்களில் அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "செடியெல்லாம் எப்படி இருக்கு?"

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் முழுக்க அவளுடைய ராஜ்யம். வருஷா வருஷம் தன் கையாலேயே விதை எடுத்து நாற்று விட்டுக் கத்திரி போடுவாள். தையல்காரர் அந்தப் பக்கம் போவதே இல்லை. மெஷினை விட்டு அவர் எழுந்திருப்பதே அபூர்வம். அவள் கேட்டதும், "ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவைத்தார். அவள் கண்ணில் ஏதோ அசைந்தது போலிருந்தது. அது போதாதா? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து அள்ளிவிட ஆரம்பித்தார். பூ வைத்திருக்கிறது என்றார். பிஞ்சு விட்டிருக்கிறது என்றார். காய் கனத்தில் கிளை வளைகிறது, குச்சி வைத்துக் கட்டியிருக்கிறேன் என்றுகூடச் சொன்னார்.

உண்மை என்னவென்றால், தோட்டம் நாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் வந்தது கோரைப் புல். மனுஷனுக்கு அதைப் பார்த்ததும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்பிசிறு ஞாபகம்தான் வந்தது. கத்தரிக்கோலை எடுத்துப்போய் மண்ணோடு மண்ணாக நறுக்கிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று திருப்தியோடு திரும்பினார். கோரை முன்னைவிடச் செழிப்பாக எழுந்து நின்றது. கையால் இழுத்தார். தலை மட்டும் கையோடு வந்தது. கடைசியில் மண்வெட்டியை எடுத்து வெறி பிடித்தவர் போலக் கொத்தினார். ஓர் ஓரத்தில் மண்ணுக்கடியில் இருந்த, முளைவிடும் கோரைக் கிழங்கெல்லாம் அதில் சிதறித் தோட்டம் முழுக்கப் பரவியது.

அடுத்தது மாவுப்பூச்சி. கத்திரிக் குருத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் ஆரம்பத்திலேயே பார்த்தார். ஆனால் அப்போது வீட்டோடு ஒட்டியிருந்த கடையில் தலையணைக்குப் பஞ்சு அடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பஞ்சு பறந்துபோய்ச் செடியில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தார். ஊரில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. பஞ்சுக்குக் கால் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தபோது செடியெல்லாம் வெளுத்திருந்தது.

சமையலுக்கும் துணைக்குமாக வந்து தங்கியிருந்த கொழுந்தியாள், சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். நன்றாக வேலை செய்யட்டும் என்று இவர் சலவைச் சோடாவையும் ஒரு கை அள்ளிக் கலந்தார். இலை கருகிவிட்டது. உரக்கடையில் ஒரு மருந்து வாங்கி உச்சி வெயிலில் அடித்தார். மிச்சமிருந்த இலையும் கொட்டியது. பூச்சி மட்டும் தண்டில் சுகமாக உட்கார்ந்திருந்தது. தையல்காரர் வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தன் முன்னால் செத்துக்கொண்டிருப்பது செடி மட்டும்தான் என்று அவரால் நினைக்க முடியவில்லை. வீட்டுக்குள் போய் அழுதார்.

இந்த லட்சணத்தில், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டைப் பார்த்தாவது மனசு மாறட்டும் என்றார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் கட்டில் போட்டிருப்பதே பின்ஜன்னல் ஓரத்தில்.

மனுஷன் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினார். சந்தைக்குப் போய் ஒரே அளவான கத்திரிக்காயாகப் பொறுக்கி வாங்கி வந்தார். கடையில் மீந்த பச்சைத் துணியில் இலை இலையாக வெட்டிக் காய்ந்த கிளைகளில் தைத்தார். காய்களைக் காம்போடு நூலில் முடிந்து தொங்கவிட்டார். நடுவில் ஓடி வந்து கட்டிலில் படுத்து, ஜன்னல் வழியாக எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி ஓடினார். கொல்லைக் கதவருகே நின்று பார்த்த கொழுந்தியாள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மனைவி வந்து சேர்ந்தாள். கட்டிலில் சாய்த்ததும் அவள் பார்வை ஜன்னலுக்குப் போனது.

"நல்லாக் காய்ச்சிருக்கு" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தப்பித்தோம் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அன்று அவள் கஞ்சியைத் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. தண்ணீர் கொடுத்தால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். வெளியே காய்கள் வெயிலில் சுருங்க ஆரம்பித்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் திரும்பவும் அங்கேதான் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொழுந்தியாள் அவரை அடுக்களைக்கு அழைத்தாள்.

"அத்தான், அக்கா எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? அவருக்குச் செடி வளர்க்கவே வந்துடுச்சுடி, நான் இல்லாட்டியும் எல்லாம் நல்லாத்தான் நடக்குது, இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்லைன்னா."

ஆஸ்பத்திரியில் மனைவியின் கண்ணில் அசைந்தது என்னவென்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எழுந்து வர இருந்த ஒரே காரணத்தையும் ஒவ்வொரு சாயங்காலமாக இவரே பிடுங்கிப் போட்டிருக்கிறார். கோரையைத்தான் பிடுங்கத் தெரியவில்லை, இதை வேரோடு பிடுங்கியாயிற்று.

கொல்லைக்கு ஓடினார். துணி இலையும் நூல் காயுமாகத் தொங்கிய ஒரு செடியை அப்படியே பிடுங்கினார். கோரையை மண்ணோடு வாரிச் சட்டையில் கட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் கொண்டுவந்து வெள்ளை விரிப்பின் மேல், அவள் பக்கத்திலேயே கொட்டினார்.

"பாரும்மா. நல்லா பாரு. நான் சொன்னது அத்தனையும் பொய். ஒரு பூ பூக்கலை, ஒரு காய் காய்க்கலை. இதெல்லாம் சந்தைக் காய். எல்லாத்தையும் நானே கொன்னுட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியலை. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியலை."

அவர் கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினார். மண் விரிப்பில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் மெல்லத் திரும்பி ஒரு கோரையை எடுத்து அடியைத் தடவிப் பார்த்தாள்.

"கிழங்கு எங்கே?" என்றாள்.

"எந்தக் கிழங்கு?"

"சரிதான்" என்றாள். துணி இலையைப் புரட்டினாள். தண்டின் கணுவில் இருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினாள். "இது இவ்வளவு ஏறுற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பஞ்சுன்னு நினைச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். வாய் கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவருக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்து காலை மெல்லக் கீழே இறக்கினாள்.

தங்கை தாங்கிப் பிடிக்க, அவள் ஒவ்வோர் அடியாகக் கொல்லைக்கு நடந்தாள். தையல்காரர் மெஷின் முன்னால் கிடக்கும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். அதில் அவளை உட்கார வைத்தார்கள். அவள் குனிய முடியாமல் குனிந்து, தோட்டக் கரண்டியால் மண்ணை நெகிழ்த்தி, கறுத்த கிழங்கோடு ஒரு கோரையை எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். அதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்து மூச்சு வாங்கியது. எதிரே செடியில் தொங்கிய ஒரு சுருங்கிய காயைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை.

"முடிச்சு மட்டும் நல்லாப் போட்டிருக்கீங்க" என்றாள். பிறகு கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். "போதும், முடியலை. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கறேன். கொஞ்சம் கஞ்சி கொண்டு வரச் சொல்லுங்க."

அவர் எழுந்து தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் கோரை. இதெல்லாம் அவளுக்கு எத்தனை நாளைக்கு வரும், சீக்கிரம் தீர்ந்துபோய்விடுமோ என்று அவருக்கு இப்போது வேறு கவலை பிடித்துக்கொண்டது.